"ஹவ்" என்றாள் ஷாஹீன்

ஹப்சிகுடா, ஹைதராபாத்
11.9.1974

அன்புள்ள அப்பாவுக்கு,

செசிலியின் வணக்கம். உங்கள் முதுகுவலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. எரிச்சல் மட்டும்தான், அதுவும் என் மேலேயே.

'ஹாஸ்டல் ரூமிலேயே அடைந்து கிடக்காதே, நாலு பேரோடு சேர்' என்று எழுதினீர்கள் அல்லவா? கல்லூரி நாடகக் குழுவில் சேரப் போனேன். செயலாளர் ஷாஹீன் இந்த ஊர்ப் பெண். "நானும் நடிக்கலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டேன். "ஹவ்" என்றாள். அதையும் இங்கிலீஷ் என்றே நினைத்து, 'எப்படி நடிப்பாய்?' என்று கேட்கிறாளாக்கும் என்று, பொன்மலைப் பள்ளியில் ராணி வேஷம் போட்ட கதையெல்லாம் சொன்னேன். மறுபடியும் "ஹவ், ஹவ்" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று விருட்டென்று வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "கைக்கு நை ஆயி?" ஏன் வரவில்லையாம்! இந்த ஊரில் 'ஹவ்' என்றால் 'ஆமாம்' என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கென்று வைத்திருந்த வேஷத்தை வேறொருத்திக்குக் கொடுத்தாகிவிட்டது. இப்போது எனக்குத் திரை இழுக்கிற வேலை. அம்மாவிடம் நடிக்கிறேன் என்றே சொல்லுங்கள்.

பருப்புப் பொடி அனுப்பினால் தமிழ்ப் பேப்பரில் சுற்றி அனுப்புங்கள். எண்ணெய் பட்டிருந்தாலும் பரவாயில்லை, படித்துக்கொள்வேன்.

தபால்காரர் பெட்டியைத் திறக்க வந்துவிட்டார். அங்கே சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டிருந்தீர்கள்.

ஹவ்.

எந்தப் பாஷை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
செசிலி