கம்பியில்லா மைக்கின் செல்

சிங்கப்பூர்,
8-7-1966

பிரியமுள்ள மனைவி ஹாஜரா பீவிக்குச் சலாம். நான் சுகம். குற்றாலத்தில் சாரல் விழுந்திருக்கும், கடையநல்லூரிலும் குளிர்காற்றுதானே? உம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் மைக்செட் கடைக்குப் புதிதாக வந்த கம்பியில்லா மைக்கை ஒரு கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோனேன். கடைத்தெரு டார்ச் செல் என்றால் சத்தம் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கும், பார்த்து மாற்றிவிடலாம். இதற்கென்று வந்த விலைகூடிய செல்லோ கணீரென்று பேசிக்கொண்டே இருந்து, மாப்பிள்ளையின் மாமா வாழ்த்தும்போது ஒரேயடியாக நின்றுவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் நம் வீட்டுப் பழக்கத்தில் அதை வெயிலில் காயவைத்தேன். கூட வேலைபார்க்கும் தென்காசி ஏசுதாசன், "ஏலே, செத்தத வெயில்ல போட்டா எந்திரிச்சு வருமாலே?" என்றான். நானும் சிரித்துவைத்தேன்.

போன வருஷம் வாப்பா சுகம், சுகம் என்றுதான் எழுதினாய். பிறகு தந்தி வந்தது. உன்மேல் கோபமில்லை.

ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் யாரிடமாவது உம்மா இடித்த மல்லிப்பொடி கொஞ்சம் கொடுத்துவிடு. உம்மாவால் இடிக்க முடியாவிட்டால், முடியவில்லை என்றே எழுது.

தபால் கட்டப்போகிறார்கள், முடிக்கிறேன். சத்தம் குறையும்போதே சொல்லிவிடு, ஹாஜரா. கப்பல் வந்துசேர நாளாகும்.

உன்,
முகம்மது மீரான்