மிளகாய்ப் பீப்பாய்

மார்ச் 3, திங்கள்

பால் அடிப்பிடித்துத் தீய்ந்திருக்கிறது. நான் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து என் கணவர்தான் ஓடி வந்து அடுப்பை அணைத்தார்.

"உனக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியலையா?"

தெரியவில்லை. காய்ச்சல் விட்டு ஆறு வாரமாகிறது. சளி போயிற்று, வாசனையும் அதோடு போயிற்று. விஸ்கியை முகர்ந்து பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது.

மார்ச் 5

டாக்டர்: "வரலாம். வராமலும் போகலாம். காத்திருங்க."

அவருக்கென்ன? காது, மூக்கு, தொண்டையில் ஒன்று போனாலும் இரண்டு மிச்சம்.

மார்ச் 6

மேலாளர் அம்மா கூப்பிட்டார். எந்த விஸ்கியை இறக்குமதி செய்யலாம் என்று ருசித்துச் சொல்லும் மூவரில் இனி நான் வேண்டாமாம். கிடங்கில் ஓர் இடம் காலி இருக்கிறதாம்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அடுத்த வாரம் ஆஸ்திரேலியச் சரக்கோட மாதிரி பாட்டில் வருதே, அதுக்கு நான் உக்காருவேன்."

"எதை வெச்சு?"

"வாயை வெச்சு."

சொல்லிவிட்டேன்.

மார்ச் 9

வீட்டில் அவர்: "மூக்கும் முழியுமா இருக்கே, அது போதாதா?" முறைத்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

உட்கார்ந்தேன். மேலாளர் அம்மா, எங்களோடு ருசி பார்க்கும் கண்ணாடி சார், நான்.

மூன்று பாட்டில்கள், மூன்றும் ஒரே வடிசாலையின் சிங்கிள் மால்ட் விஸ்கி. கடைசிச் சில மாதம் ஊற வைத்திருந்த பீப்பாய்தான் வேறு வேறு. முதல் இரண்டும் ஒயின் பீப்பாய். எனக்கு வெறும் சூடு, கொஞ்சம் இனிப்பு. "இதுல எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல" என்றேன். எதற்கு மறைக்க வேண்டும்?

மூன்றாவது, மிளகாய் சாஸ் ஊறிய பீப்பாய்.

கண்ணாடி சார் முகர்ந்தார், சுளித்தார், கீழே வைத்தார். "சாஸ் பாட்டில் கழுவின தண்ணி."

நான் குடித்தேன். முதலில் எண்ணெய் மாதிரி வழுவழுப்பு. பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்ல ஓர் உறைப்பு. மதுவின் எரிச்சல் அடங்கிய பின்னும் அது தனியாக நின்றது. காதுமடல் சுட்டது. கண்ணில் நீர். இத்தனை நாளாக வாயில் போட்டதெல்லாம் அட்டையை மென்ற மாதிரிதான் இருந்தது. உறைப்புக்கு மூக்கு வேண்டாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இத வாங்கணும்."

"மூக்கு இல்லாம எப்படிம்மா சொல்றே?"

"நீங்க மோந்து பாத்ததோட வெச்சுட்டீங்க சார். காசு குடுக்கறவங்க மோந்து பாத்துட்டு மூடி வெக்கவா வாங்கறாங்க?"

அவர் குடித்தார். இருமினார். இன்னொரு வாய் குடித்தார்.

"வாசம் கண்றாவிதான். ஆனா—"

ஆனாவை முடிக்காமலே மேலாளர் அம்மாவோடு சேர்ந்து 'வேண்டாம்' என்றார். இரண்டுக்கு ஒன்று. தோற்றேன்.

மார்ச் 17

கிடங்குக்குப் போகச் சொல்லி மேசைமேல் உத்தரவு. போகவில்லை. என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வேண்டுமானால் வேலையை விட்டே அனுப்பட்டும், நானாக எழுந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஒழுகுவதில் மட்டும் இந்த மூக்குக்குக் குறைச்சலே இல்லை.

மார்ச் 20

மேலாளர் அம்மாவின் அறையிலிருந்து கண்ணாடி சார் வந்தார். நேராக என் மேசைக்கு.

"பேசிட்டேன், அவங்க சரின்னுட்டாங்க. வாசம் நான் சொல்றேன், மத்தத நீ சொல்லு. உனக்கு நான் மூக்கு, எனக்கு நீ நாக்கு."

"உங்க இரக்கம் எனக்கு வேண்டாம் சார்."

"இரக்கமா? அந்த மூணாவது பாட்டில வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். தீந்துபோச்சு. அதையும் வாங்கச் சொல்லிட்டேன்."

ஏப்ரல் 24, வியாழன்

மிளகாய்ப் பீப்பாய் விஸ்கி வந்து இறங்கியது. முதல் பெட்டியைக் கண்ணாடி சாரும் நானும் பிரித்தோம்.

வாசனை இன்னும் வரவில்லை. இன்று டாக்டரிடம் போக வேண்டிய நாள். போகவில்லை, மேசையில் வேலை இருந்தது.