மேஸ்திரியின் முன்பல்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நலமில்லாத அன்றும் ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் நலமாகத்தான் தெரிகிறோம், அதனால் அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நீயும் உன் தொழிற்சாலையும் அங்கே விரிசல் விழாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் "சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறாய், நான் மூச்சு முட்டச் சொல்லி முடித்ததும் "அப்புறம், வேற என்னப்பா விசேஷம்?" என்கிறாய். போனிலேயே எழுதி அனுப்பலாமென்றால் உன் மகள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் படிப்பவள் அவள்தான். இது அவள் கண்ணில் படக் கூடாத விஷயம். ஆகவே பஸ் ஓட்டிய கையால் பேனா பிடித்திருக்கிறேன், எழுத்து அங்கங்கே வளைந்து திரும்பும், பொறுத்துக்கொள்.

முதலில் உன் உத்தரவை நாங்கள் நிறைவேற்றுகிற அழகைச் சொல்கிறேன். பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கக் கூடாது, வாரம் ஒரு இடத்துக்குக் கூட்டிப் போங்கள், ஞாயிறு சாயங்காலத்துக்குள் எனக்குப் படம் வந்தாக வேண்டும் என்று போன தடவை வந்தபோது சொல்லிவிட்டு ஜம்மென்று விமானம் ஏறினாய். உனக்கென்ன, நீ சொல்லிவிட்டாய். மருமகள் வாரம் முழுக்க ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நின்றுகொண்டே ஊசி குத்துகிறாள், கிடைக்கிற ஒரு நாளில் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்தால் உன் மகள் விடியும் முன்பே எழுந்து வேலை பிரிக்க ஆரம்பித்துவிடுவாள். தாத்தாவுக்குத் தண்ணீர் பாட்டில், பாட்டிக்கு ரொட்டியும் பழமும், அம்மாவுக்குத் தம்பி, தனக்கு மேற்பார்வை. அதனால்தான் இந்த வீட்டில் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர் வந்தது, நீ வைத்த அழகான பெயரை இப்போது பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். சின்னவன் சுண்டெலி இருக்கிறானே, அவனுக்கு இடது காலில் செருப்பை மாட்டினால் வலது காலில் இருப்பதைக் கழற்றுவான். இரண்டையும் மாட்டி, பையைத் தூக்கி, கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்ட பிறகுதான் "மூச்சா வருது" என்பான். மறுபடி கதவைத் திறந்து, மறுபடி பூட்டி, படி இறங்கினால் துணி முயலை உள்ளேயே விட்டுவிட்டோம் என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அழுகை. எப்படியோ பஸ் ஏறி உட்கார்ந்தால், வண்டி கிளம்பினதும் திரும்பவும் அதே மூச்சா. நடுவழியில் நிறுத்தச் சொன்ன பயணிகளை நான் டிரைவராக இருந்தபோது முறைத்த முறைப்பெல்லாம் இப்போது வட்டியோடு எனக்கே திரும்பி வருகிறது. இத்தனை பாடுபட்டு மிருகக்காட்சிசாலைக்குப் போனால் சிங்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்குகிறது, உன் பிள்ளைகளோ தோட்டக்காரர் குழாயில் தண்ணீர் ஒழுகுவதை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். அந்த ஒழுகல் நம் வீட்டுக் குளியலறையிலேயே இருக்கிறது. அதற்கு டிக்கெட்டும் வேண்டாம்.

பிறகு படம். படம் எடுப்பது என் பொறுப்பு, ஏனென்றால் உன் அம்மா எடுத்தால் எல்லோருக்கும் தலை இருக்காது. நான் எடுத்தால் தலை இருக்கும், கூடவே என் கட்டைவிரலும் இருக்கும். உனக்கு அது எவ்வளவு பெரிய மனக்குறை என்று எனக்குத் தெரியும், வாராவாரம் தெரியப்படுத்தி வருகிறாய். ஒப்புக்கொள்கிறேன், குறை கண்டுபிடிப்பதுதான் உன் தொழில். இயந்திரத்துக்குள் போகும் இரும்பு வளையங்களை விளக்குக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, முடியளவு கீறல் இருந்தாலும் தூக்கித் தள்ளிவிடுகிறாய். ஒரு தடவை போனில் அப்படி ஒரு வளையத்தைக் காட்டி, "இதுல ஒரு கீறல் இருக்கு, யார் கண்ணுக்கும் தெரியாது, அப்பா கண்ணுக்கு மட்டும் தெரியும்" என்று மேஸ்திரியிடம் பெருமையடித்தாய், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருக்காது. அவளுக்கு இருக்கிறது. அன்றிலிருந்து அவள் வகுப்பில் எந்தப் பிள்ளையின் அப்பாவும் எங்கப்பாவுக்கு ஈடாக முடியாது, எங்கப்பா கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று தம்பட்டம் அடித்துத் திரிந்தாள். இனி நான் சொல்லப்போவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படி.

குளத்தங்கரைப் பூங்காவுக்குப் போன அன்று, பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பிளைக் கடித்தபோது உன் மகளுக்கு மேல் வரிசை முன்பல் விழுந்துவிட்டது. முதல் பல். சுண்டெலிதான் ரத்தத்தைப் பார்த்து அலறினான், விழுந்தது அவன் பல் என்றே எல்லோரும் ஓடி வந்தார்கள். இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பல்லைக் கைக்குட்டையில் துடைத்து, பாட்டியின் பொத்தான் டப்பியைக் காலி செய்து அதற்குள் வைத்துக்கொண்டாள். மருமகள் உடனே உனக்குச் சொல்ல போனை எடுத்தாள். மேஸ்திரி அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "யாரும் சொல்லக் கூடாது. அப்பாவே கண்டுபிடிக்கட்டும். அப்பாவுக்கு வேலையே அதுதானே. கண்டுபிடிச்சதும் இந்தப் பல்லு அப்பாவுக்குத்தான்" என்றாள். எங்கள் மூன்று பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சுண்டெலிக்குச் சத்தியம் என்றால் என்னவென்று தெரியாததால் அவனுக்கு ஒரு பிஸ்கட்.

நாங்கள் என்ன நினைத்தோம்? அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தோம். அன்றைய படத்தில் அவள் வாயைத் திறந்திருந்த அகலத்துக்கு என் பழைய பஸ்ஸை உள்ளே விட்டுத் திருப்பலாம். நீ எழுதியது, "படம் கோணலா இருக்குப்பா." அடுத்த வாரம் நீர்யானைத் தொட்டிக்கு முன்னால் நின்று, சந்து வழியாக நாக்கை வேறு நீட்டிக் காட்டினாள். "நீர்யானை பாதிதான் தெரியுது, ஓரத்துல உங்க விரல்" என்று வந்தது. வீடியோவில் பேசும்போதாவது பார்ப்பாய் என்று பார்த்தால், சந்து வழியாகக் காற்று போய் அவள் பேச்சில் பாதி விசிலாக வருகிறது, நீ "லைன்ல ஏதோ சத்தம் வருதும்மா, வெச்சிட்டு அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். உன் மகளுடைய பல் போன சத்தத்துக்குப் போன் கம்பெனிக்காரன் மேல் பழி. அதற்கடுத்த ஞாயிறு அடைமழை, மருமகளுக்கும் தலைவலி, எங்கும் போகவில்லை. படம் வராவிட்டால் மகன் ஏங்கிப் போவான் என்று உன் அம்மா, முன்பு எப்போதோ எடுத்து அனுப்பாமல் விட்டிருந்த படம் ஒன்றை எங்களைக் கேட்காமல் தட்டிவிட்டாள். அதில் எல்லாப் பற்களும் கச்சிதமாக இருந்தன. மேஸ்திரிக்கு முதலில் கோபம், பிறகு யோசித்துப் பார்த்து, "பரவால்ல தாத்தா, போன பல்லு திரும்ப வந்துச்சுன்னா அப்பா கண்டிப்பா பாத்துருவாரு" என்று போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உன் பதில் வந்தது. "சூப்பர்! இந்த வாரம்தான் படம் நேரா இருக்கு." நானே சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

உன் அம்மா உனக்கு வக்காலத்து வாங்குகிறாள். பாவம் பிள்ளை, வேலைக் களைப்பில் போனைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டான் என்கிறாள். என் விரலைப் பார்க்க மட்டும் களைப்பு வராதா என்று கேட்டால், நீங்கள் விரலை ஒழுங்காக வைத்திருந்தால் அவன் பல்லைப் பார்த்திருப்பான் என்று என் மேலேயே திருப்புகிறாள். மருமகள் பாத்திரத்தைக் கழுவுகிறாள், கழுவுகிற சத்தம்தான் கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறது.

போன ஞாயிறு ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சுண்டெலி என் மடியில் எச்சில் ஒழுகத் தூங்கிவிட்டான். மேஸ்திரி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தவள், "தாத்தா, அப்பா கண்ணுக்கு இரும்பு மட்டும்தான் தெரியுமா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லையடா. தெரிந்துகொள்ளக் கேட்டாள். இத்தனை வருடம் எத்தனையோ பயணிகள் என்னிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் உடனுக்குடன் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று ஒரு கட்டடத்துக்கு மேலே நின்ற கிரேனைக் காட்டி, பார் பார் எவ்வளவு உயரம் என்றேன். அவளும் என் மனம் கோணாமல் பார்த்தாள். அன்றைய படத்தை எடுத்துப் பார். பழைய ரயில் எஞ்சினுக்கு முன்னால் உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். அதற்கு நீ எழுதினாய், "இந்தப் படம் நல்லா இருக்கு, பாப்பா அடக்கமா நிக்கிறா." அதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தெருவில் எறிந்திருப்பேன், மருமகளுடைய போன் என்பதால் தப்பியது.

அதனால்தான் சத்தியத்தை மீறி இதை எழுதுகிறேன். தெரிந்துவிட்டது என்பதற்காக உடனே போன் போட்டு, ஐயோ பல்லு எங்கே என்று நாடகம் ஆடாதே. உனக்கு நடிக்க வராது, பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றபோதே எல்லோரையும் பார்த்துக் கையசைத்தவன் நீ. அவள் கண்டுபிடித்துவிடுவாள், அந்தக் கண் அவளுக்கு உன்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. நான் பார்க்கவில்லையம்மா, தாத்தா சொல்லித்தான் தெரிந்தது என்று உள்ளதைச் சொல். அவள் என் மேலும் கோபப்படுவாள், உன் மேலும் கோபப்படுவாள், படட்டும். ஆனால் அதைப் போனில் சொல்லாதே. அங்கே இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள், பெரிய பதவி தருகிறார்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அப்பா என்று போன வாரம் கேட்டாய், நான் பதில் சொல்வதற்குள் அடுத்த பேச்சுக்குத் தாவிவிட்டாய். என் பதில் இதுதான். சரி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு வாரம் லீவு போட்டு வந்து, இந்த இரண்டு உருப்படிகளையும் நீயே செருப்பு மாட்டி ஒரு ஞாயிறு வெளியே கூட்டிப் போ. போய் வந்த பிறகும் சரி என்று தோன்றினால் தாராளமாகச் சொல், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் சீக்கிரம் வா. ஈறிலிருந்து புதுப் பல் அரிசிமுனை போல எட்டிப் பார்க்கிறது. அது முழுதாக முளைத்துவிட்டால் நீ விளக்கைப் போட்டுத் தேடினாலும் அங்கே கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது.

நேரத்துக்குச் சாப்பிடு, சாப்பிடும்போது போன் பேசாதே, பேசினால் யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாய் என்று பார். அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், என்னுடையதையும் சேர்த்துக்கொள். உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

சொல்ல மறந்துவிட்டேன், இந்த வாரப் படம் இன்னும் வரவில்லையே என்று மருமகளைக் கேட்டிருந்தாயாம். இனியும் வராது. இந்த ஞாயிறு பூங்காவில் நான் போனைத் தூக்கியதுமே மேஸ்திரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "படம் வேணாம் தாத்தா, பாக்கணும்னா அப்பாவே வந்து பாக்கட்டும்" என்றாள். பொத்தான் டப்பி மட்டும் இன்னும் அவள் தலையணைக்கடியில்தான் இருக்கிறது, சுண்டெலி தொட்டால் அடிக்கிறாள்.

இப்படிக்கு,
கோணல் படம் எடுக்கும்
உன் அப்பா