நகராத கார்டு

மாப்ள,

போன் இதை வாசிக்கும்போது பக்கத்துல ஆள் இருந்தா ஹெட்செட்டை மாட்டிக்க.

நம்ம ஆபீஸ்ல யார் வேலை எதுவரைக்கும் வந்திருக்குன்னு காட்ட நான் செஞ்ச ஆன்லைன் போர்டுல, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு; மவுஸால இழுத்தாத்தான் அது நகரும். நகராட்டி வேலை நடக்கலைன்னு அர்த்தம். கண் தெரியாத நீ தினமும் சாயங்காலம் கூப்பிடுவ: "ஏலே, என் கார்டை 'முடிஞ்சது' கட்டத்துல தள்ளிருடா." மூணு வருசம் தள்ளினேன். போன மாசம் எரிச்சல்ல ஒரு வாரம் போனை எடுக்கலை. உன் கார்டு நகரலை; வேலையே செய்யலைன்னு உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. அதை முடிவு பண்ணின மீட்டிங்ல நான் வாயைத் திறக்கலை.

நேத்து கீபோர்டுலயே நகர்ற மாதிரி மாத்திட்டேன். மூணு வருசமா நீ கேட்டதுதான். ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருச்சு.

சரியா ஓடுதான்னு சோதிக்கக் கண் தெரியாத ஆள் வேணும். பந்தல்குடிக்கு, உன் வீட்டுக்கு, நாளைக்கு வாரேன். கதவைத் திறப்பியா, வேற ஆளைப் பார்க்கவா?

இப்படிக்கு,
உன் கார்டைத் தள்ளிக்கிட்டிருந்தவன்