ஒற்றை பல்பு வீட்டின் கரண்டு பில்

கொழிஞ்சாம்பாறை,
22-12-1976

அண்ணனுக்கு,

பொள்ளாச்சியில் நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். அதனால் விசாரிக்கவில்லை.

அப்பா போன பிறகு வீட்டைப் பூட்டிவிடலாம் என்று கரண்டை நிறுத்த எழுதிக் கொடுத்தேன். கடைசி பில் இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் வந்தது. ஒற்றை பல்பு எரிந்த வீடு. "பில்லு ஏறுதுங்கப்பா, அணைச்சுப் போடுங்க" என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து அதையும் அவர் போடவில்லை. இரண்டு வருஷம் சிம்னி விளக்கில் தடவித் தடவிச் சாப்பிட்டார்.

இன்று காலை லைன்மேன் வந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினார். பின்னாலிருக்கும் உங்கள் கோழிப் பண்ணையில், குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் பல்புகள் அத்தனையும் அணைந்தன. நம் வீட்டு மீட்டரிலிருந்து ஓட்டுக்கு அடியில் ஒரு ஒயர் அங்கே போகிறது.

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் நஞ்சப்பன் ஓடி வந்தான். "அம்மிணி, இந்தக் குளுருல குஞ்செல்லாம் செத்துப் போயிருமுங்க!"

அவனைத் திட்டி என்ன செய்ய?

பில்லை இத்துடன் வைத்திருக்கிறேன், கட்டிக்கொள்ளுங்கள். குஞ்சுகளுக்கு அப்பாவின் சிம்னி விளக்கைத் துடைத்து, சீமெண்ணெய் ஊற்றி, நஞ்சப்பன் கையில் கொடுத்தனுப்பினேன். அப்பாவுக்குப் போதும் என்று நீங்கள் விட்டுவைத்த வெளிச்சம் அதுதானே.

இப்படிக்கு,
உங்களோடு பிறந்துவிட்டவள்