வங்கி குறைத்ததை நான் சொல்லவில்லை

24 ஜனவரி 2025, வெள்ளி

இன்று வீட்டுக்கடன் தவணை கட்டினேன். முப்பத்தொன்பதாயிரம். அதோடு ஒன்பதாயிரம் தனியாக, கடனின் முதல் தொகையில் கழிக்கச் சொல்லி. இவரிடம் சொன்னது நாற்பத்தெட்டாயிரம். பொய்யே இல்லை. கூட்டிப் பார்த்தால் நாற்பத்தெட்டுத்தான் வருகிறது.

2022இல் வட்டி ஏறித் தவணை நாற்பத்தெட்டுக்குப் போன அன்று வந்த கடிதத்தை இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறேன். அந்த வருடம் முழுக்கக் கதவில் யாராவது தட்டினால் வங்கிக்காரர்தான் என்று நெஞ்சு இடிக்கும். போன வருடத் தொடக்கத்தில் தவணையைக் குறைத்துவிட்டார்கள். அதை இவரிடம் நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் குற்றம்.

வங்கியில் பஹ்மியா என்றொரு பிள்ளை இருக்கிறாள். "அக்கா, ஒவ்வொரு முறையும் கடிதம் தரோணும், முதலில கழிக்கச் சொல்லி" என்பாள். தருகிறேன். 2031இல் முடியவேண்டிய கடன் இப்படியே போனால் 2029இல் முடியுமாம். கணிப்பொறியைத் திருப்பிக் காட்டினாள். எனக்கு அவளைக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது.

3 பெப்ரவரி

இவர் ஒரு வழவழப்பான தாளோடு வந்தார். ஓய்வூதியச் சேமிப்புத் திட்டம். நரைத்த கணவனும் மனைவியும் கடற்கரையில் கைகோத்து நடக்கிறார்கள். அந்த மனிசனுக்கு முழங்கால் நோவே கிடையாது போல.

"மாசம் ஒன்பதாயிரம்தான், மலர்."

எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. எட்டாயிரம் கேட்டிருக்கலாம், பத்துக் கேட்டிருக்கலாம். அளந்து வைத்ததுபோல ஒன்பது!

"எனக்கு ஐம்பத்திநாலு. இன்னும் எத்தினை வருசத்துக்கு ரக் படகில நிண்டு கப்பல் இழுக்கிறது? கொம்பனியில பென்சனும் இல்லை. ஒன்பதாயிரம் எடுக்க ஏலாதோ?"

"ஏலாது" என்றேன். முகத்தை எப்படி வைத்திருந்தேன் என்று தெரியவில்லை.

4 பெப்ரவரி

விடுமுறை. நெத்தலி பொரித்தேன். இவருக்குப் பிடிக்கும். ஏன் பொரித்தேன் என்று எனக்குத் தெரியும்.

27 பெப்ரவரி

வந்தது வினை. இவரோடு படகில் வேலை செய்யும் ஸைனுலாப்தீன், கிண்ணியாக்காரர், அவருக்கும் வீட்டுக்கடன். வேறு வங்கி. அவருடைய தவணை போன வருடமே குறைந்துவிட்டதாம்.

"அப்ப எங்கட பாங்க் மட்டும் ஏன் குறைக்கேல்லை? கள்ளக் கூட்டம்!"

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நல்லதாய்ப் போயிற்று. கண்ணீருக்குக் காரணம் கையிலேயே இருந்தது.

பிறகு ஒரு கட்டளை. முறைப்பாட்டுக் கடிதம் எழுத வேண்டும். யார்? நான்தான். "நீதானே வடிவா எழுதுவாய். சூடா எழுது."

என்னுடைய களவைப் பற்றி நானே வங்கிக்கு முறைப்பாடு எழுதினேன். 'பகற்கொள்ளை' என்ற சொல் இரண்டு இடத்தில் வரவேண்டும் என்றார். போட்டேன். நன்றாகவே வந்தது. வாசித்தபோது எனக்கே வங்கிமேல் ஆத்திரம் வந்தது. கையெழுத்து வைத்தார். "அலுவலகத் தபாலோட போடுறன்" என்று கைப்பையில் வைத்தேன். கைப்பையிலேயே இருக்கிறது.

10 மார்ச்

ஒவ்வொரு நாளும், "பதில் வந்ததோ?"

தபால்காரர்கள் வேலைநிறுத்தம் என்று சொல்லிவிட்டேன். பாவம், சைக்கிளில் வேர்க்க வேர்க்க வந்து பக்கத்து வீட்டுக்குக் கடிதம் கொடுத்துவிட்டுப் போகிறார் அந்த மனிதர். இவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். கடவுள் இருக்கிறார்.

19 மார்ச், புதன்

காலை பத்தரை. கப்பல் முகவர் அலுவலகத்தில் என் மேசைத் தொலைபேசி அடித்தது. பஹ்மியா.

"அக்கா, உங்கட அவர் வந்திருக்கிறார். சத்தம் போடுறார். மனேஜரைக் கூப்பிடச் சொல்லுறார். கணக்குக் காட்டட்டோ? அவற்ர பேரும் இருக்குத்தானே."

காட்டாதே என்று சொல்ல முடியுமா? ஓட்டோ பிடித்துப் போனேன். போனபோது சத்தம் இல்லை. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்து கணக்குத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட். கொள்ளைக்காரரோடு சண்டைக்குப் போகவென்று விடியவே தானே ஸ்திரி போட்டது.

என்னைப் பார்த்தார். எழும்பினார். "நன்றி பிள்ளை" என்று பஹ்மியாவிடம் சொன்னார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வந்த ஓட்டோவிலேயே திரும்பினேன்.

20 மார்ச்

பேசவில்லை.

21 மார்ச்

பேசினார், பூனையோடு. "உப்புக் காணாது எண்டு சொல்லு." பூனை சொல்லவில்லை. நானாகவே உப்பை நகர்த்தி வைத்தேன்.

22 மார்ச்

இன்றைக்குத்தான் வாய் திறந்தார். திறக்காமலே இருந்திருக்கலாம்.

"நான் பாங்க்கில நிண்டு கள்ளர் எண்டு கத்தினனான், மலர். அந்தப் பிள்ளை எவ்வளவு பொறுமையா விளங்கப்படுத்தினது. கள்ளன் என்ர வீட்டுக்குள்ள."

நான் 2022ஐச் சொன்னேன். கதவு தட்டுற சத்தத்துக்கு நான் பயந்ததைச் சொன்னேன். மகள் லோஜனா கம்பஸ் முடித்து வரும்போது அவளின்ர தலையில கடன் நிக்கக்கூடாது எண்டன். எல்லாம் சொன்னன்.

"எனக்கும் பயம்தான்" என்றார். "உனக்கு வீடு போயிடுமெண்டு பயம். எனக்கு, வேலை ஏலாமல் போற அண்டைக்கு என்னத்தைச் சாப்பிடுறது எண்டு பயம். சுவரைப் பிடுங்கிச் சாப்பிடுறதோ?"

அவர் பயப்படுவார் என்று நான் ஒரு நாளும் நினைக்கவேயில்லையே — ஏன்?

2 ஏப்ரல்

பாதி முதலுக்கு, பாதி அவருடைய திட்டத்துக்கு என்றார். சித்திரை வருடப்பிறப்பு முடியட்டும், பார்ப்போம் என்றேன். பார்ப்போம் என்றால் என்ன என்று எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும்.

11 ஜூன்

படகின் ஈரத் தளத்தில் கயிறு தளர்ந்து இவர் சறுக்கியிருக்கிறார். வலது முழங்கால். ஸைனுலாப்தீன்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நான் போனபோது கால் வீங்கிப் பூசணிக்காய்போலக் கிடந்தது. "நோகேல்லை" என்றார். உதட்டில் நிறமே இல்லை.

20 ஜூன்

கொம்பனி அரைச் சம்பளம்தான் தருமாம். மருந்து, ஓட்டோ, லோஜனாவின் அறை வாடகை.

பஹ்மியாவிடம் போனேன். பதினேழு மாதமாகக் கூடுதலாகக் கட்டிய ஒரு இலட்சத்து ஐம்பத்து மூவாயிரம் கிடக்கிறதே, இந்த மாதத் தவணையை அதிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்டேன்.

"ஏலாது அக்கா. அது முதலில கழிஞ்சிட்டுது. கடைசி வருசங்கள்தான் குறையும். இந்த மாசத் தவணை இந்த மாசம் கட்டத்தான் வேணும்."

கையில் வைத்திருந்தால் நான்கு மாதம் மூச்சு விட்டிருக்கலாம். வங்கி வாசலில் நின்று சிரித்தேன். அழுதால் ஆட்கள் பார்ப்பார்கள்.

எப்படிச் சொல்லுறது? நீங்கள் சொன்னது சரி எண்டு எந்த வாயால சொல்லுறது?

21 ஜூன்

சொன்னேன். காலைத் தலையணையில் உயர்த்தி வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் அப்பவே சொன்னனான் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

"சங்கிலியை அடகு வைப்பம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சுவருக்குக் கொஞ்சம் உப்புப் போட்டு அவிச்சுப் பாப்பமோ?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்து மூக்கால் வழிந்தது. துடைக்கத் தன் சாரத்து நுனியை நீட்டினார். எழும்ப ஏலாத மனிசன்.

17 ஜூலை

இனிப் படகில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கொம்பனி கரையில், கயிறும் சாமானும் வைக்கும் களஞ்சியத்தில் வேலை தருகிறது. மேலதிக நேரக் காசு இல்லை. மாதம் பன்னிரண்டாயிரம் குறையும்.

இன்று இரண்டு பேருமாக வங்கிக்குப் போனோம். அவர் ஊன்றுகோலோடு முன்னுக்கு, நான் பைலோடு பின்னுக்கு. பஹ்மியா நெடுநேரம் தட்டிப் பார்த்தாள். முதல் நன்றாகக் குறைந்திருப்பதாலும் வட்டி இன்னும் இறங்கியிருப்பதாலும், மிச்சத்தைப் பழையபடி 2031 வரைக்கும் பரப்பிக் கட்டலாமாம். தவணை முப்பத்திரண்டாயிரத்து அறுநூறு.

"அக்கா கூடுதலாக் கட்டாமல் விட்டிருந்தா இவ்வளவு குறைக்க ஏலாது" என்றாள். நான் கூரையைப் பார்த்தேன். இவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

எழும்பும்போது இவர் சொன்னார்: "பிள்ளை, அண்டைக்குக் கத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இனிக் கூடினாலும் குறைஞ்சாலும் எனக்கும் சேத்துச் சொல்லுங்கோ. இவவுக்கு மறதி கூட."

22 ஆகஸ்ட்

இருவர் பெயரிலும் ஒரு சேமிப்புப் புத்தகம் திறந்தோம். மாதம் நாலாயிரம். வழவழப்புத் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்துவிட்டு, அந்தத் திட்டம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

14 செப்டெம்பர்

எனக்கு அடுத்த மாதம் ஐம்பது. பெண்கள் ஐம்பதில் ஈ.பி.எப். சேமலாபக் காசை எடுக்கலாம் என்பது என்னைவிட உறவினருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கந்தளாயிலிருந்து தம்பி ரிஷிகேசன் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தான். மூன்று வருடமாக வராதவன். பழம் முடிவதற்குள் அவன் வாங்கப்போகிற ட்ரக்டர் வந்துவிட்டது, கதையில்.

"அந்தக் காசு முழுக்க வீட்டுக்கடனுக்கு எழுதிக் குடுத்தாச்சடா" என்றேன்.

தம்பி இவரைப் பார்த்தான். இவர் பெருமூச்சு விட்டார். அப்படியொரு பெருமூச்சை நான் கேட்டதில்லை. "என்ன செய்யிறது மச்சான், உங்கட அக்கா என்னைக் கேட்டுத்தான் செய்தவ."

தம்பி போனபிறகு இருவரும் குசினிக்குள் நின்று வயிறு நோகச் சிரித்தோம். பழம் நல்ல பழம்.

11 ஒக்டோபர், சனி

ஐம்பது.

பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். மோட்டார் சைக்கிளை நான் ஓட்டினேன். அவருக்குக் கால் மடங்காது. இறால் வடை வாங்கி, கரையில் கவிழ்த்துக் கிடந்த தோணியில் சாய்ந்து இருந்தோம்.

"உன்ர ஈ.பி.எப்.இல எவ்வளவு இருக்கு?" என்றார்.

இருபத்தாறு வருடத்தில் அவர் இதைக் கேட்டதேயில்லை. கேட்டால் சொல்வதற்கென்று உண்மையைவிட மூன்று இலட்சம் குறைவான ஒரு தொகையை நான் எப்போதோ தயார் செய்து வைத்திருந்தேன். அது நாக்கு நுனிவரை வந்தது.

உண்மையைச் சொன்னேன். இலட்சம், ஆயிரம், ரூபாய், சதம்.

"சதமும் வேணுமோ?" என்றார்.

"வேணும்" என்றேன்.

பிறகு தன்னுடையதைச் சொன்னார். என்னுடையதைவிடக் குறைவு. சொல்லும்போது குரல் கொஞ்சம் தணிந்தது. கடைசி வடையை அவர் பக்கம் தள்ளினேன். இப்போதைக்கு இரண்டையும் தொடுவதில்லை என்று முடிவு.