கோரிமேட்டைத் தாண்டிய சட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். கால் வீக்கம் வடிந்ததா? அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததா? போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம்மூர் உப்பளம் கிரிக்கெட் டோர்னமென்டுக்கு வாட்ஸ்அப்பில், ஆடுகிறவர்களை வைத்து ஆளாளுக்கு ஒரு கற்பனை டீம் போட்டுப் பாயிண்ட் சேர்க்கிற ஃபேன்டஸி போட்டி நடத்தப்போவதாகச் சொல்லி, ஆளுக்கு நூறு ரூபாய் ஜிபேயில் வாங்குகிறீர்கள் என்று, அந்த டோர்னமென்டில் ஆடப்போகிற தம்பி இனியவன் சொன்னான். கேட்டால், "அது தமிழ்நாட்டு சட்டம்மா, கோரிமேட்டு எல்லைக்கு இந்தாண்ட செல்லாது" என்கிறீர்கள். இது எல்லை தாண்டினால் மாறுகிற சாராய விலை இல்லை அப்பா, நாடு முழுவதற்குமான சட்டம். ஆன்லைனில் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆட்டம், திறமை ஆட்டமாகவே இருந்தாலும் கூடாது. நடத்தினால் ஜெயில் வரைக்கும் போகும். வக்கீல் பட்டாளமே வைத்திருந்த எங்கள் பெங்களூர் ஆன்லைன் கேம் கம்பெனியே பணப் போட்டியை மூடிவிட்டது. என் பிரிவில் இப்போது நான் மட்டும்தான். வேலை இருக்கிறது, பயப்படாதீர்கள். மதியம் சாப்பிடத்தான் துணையில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் வடகம் கொடுத்தனுப்புங்கள்.

வாங்கிய பணத்தை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காசில்லாமல் நடத்தினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்படி நடத்தினால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனியவன்தான் என் கேப்டன். அவன் டக் அவுட் ஆனாலும் பரவாயில்லை. ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் என் பாயிண்டைச் சொல்ல நீங்கள் போன் செய்தாக வேண்டுமே.

அவசரத்தில்,
மேனகா